மடித்து நீட்டிய காகிதம்

செப்டம்பர் 2, செவ்வாய்

இந்த நோட்டு என்னுடையது இல்லை. நீல அட்டை, நூறு பக்கம், அட்டையின் மேல் பதினொன்று என்று எண். அந்தப் பதினொன்று நான்தான். பெயர் வேண்டாமாம். பத்தொன்பது வருட அரசு வேலையில் என்னைச் செண்பகவல்லி என்று கூப்பிட்டவர்களைவிட எண் போட்டு மெமோ அனுப்பியவர்கள் அதிகம். அதனால் எண்ணைப் பார்த்து வருத்தம் ஒன்றும் இல்லை. சந்தேகம்தான்.

செவ்வாய் கர்ப்பிணிகள் நாள். இன்று நாற்பத்து மூன்று பேர். எடை பார்க்க, பிரஷர் பார்க்க, மாத்திரை கொடுக்க நானும் ப்ரிசில்லாவும் மட்டும். ப்ரிசில்லா ஒப்பந்த நர்ஸ், வேலைக்கு வந்து நாலு வருடம். இந்தக் கூட்டத்துக்கு நடுவில் ஒரு பெண் வந்து ஓரமாக நின்றாள். கர்ப்பிணி மாதிரி தெரியவில்லை. கழுத்தில் அடையாள அட்டை. பெயர் நிலோஃபர், மதுரையில் நர்சிங் கல்லூரியில் பாடம் எடுக்கிறாளாம், டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சியாம். ஆரம்ப சுகாதார நிலைய நர்சுகளின் அன்றாட அனுபவம்தான் தலைப்பு. மூன்று வாரம் அன்றன்று நடப்பதை இந்த நோட்டில் எழுதித் தர வேண்டும்.

"விருப்பம் இருந்தா மட்டும் சிஸ்டர். இல்லைன்னா வேணாம்னு சொல்லிடலாம். ஒண்ணும் தப்பில்ல."

அரசாங்க ஆஸ்பத்திரிக்குள் நின்றுகொண்டு விருப்பம் இருந்தால் என்று ஆரம்பிக்கிற ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை.

ஒப்புதல் படிவம் நான்கு பக்கம். அதை மேசைமேல் விரித்து, உள்ளங்கையால் மடிப்பைத் தேய்த்துவிட்டு, முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். கையெழுத்துப் போடுகிற இடம் கடைசிப் பக்கத்தில் இருந்தது. அதை நேரே காட்டாமல் இவ்வளவு சுற்றுவதே எனக்குச் சரியாகப் படவில்லை. வேலை கிடக்கிறது, அப்புறம் பார்க்கலாம் என்றேன். நோட்டையும் படிவத்தையும் வைத்துவிட்டுப் போய்விட்டாள். கையெழுத்துப் போடும்வரை இது வெறும் நோட்டு. அதனால் எழுதுகிறேன்.

செப்டம்பர் 3, புதன்

தடுப்பூசி நாள். முப்பத்தோரு குழந்தைகள். காது இன்னும் கொய்யென்கிறது.

மத்தியானம் சாப்பிடும்போது ப்ரிசில்லா தன் படிவத்தில் கையெழுத்துப் போட்டு நிலோஃபரிடம் நேற்றே கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். எனக்கு வந்ததே கோபம்.

"வாசிக்காமலா போட்ட?"

"அவங்களே வாசிச்சுக் காட்டுனாங்கக்கா. நல்லவங்களாத்தான் தெரியுது."

"நல்லவங்கன்னா நெத்தியில எழுதியிருக்கா? காகிதத்துல என்ன இருக்குன்னு தெரியாம கையெழுத்துப் போடுறவள என்னன்னு சொல்ல!"

அவள் தயிர்சாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னது அவள் நல்லதுக்குத்தான். ஒப்பந்த வேலை, நிரந்தரம் ஆகுமா ஆகாதா என்று நித்தம் சாமி கும்பிடுகிறவள். போன வருடம் இப்படித்தான் ஒருத்தர் "சும்மா சர்வே" என்று வந்து டீ குடித்துவிட்டுப் போனார். பத்தாவது நாள் டூட்டி ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டு மாவட்ட அலுவலகத்துக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது.

செப்டம்பர் 4, வியாழன்

என்னோடு படித்த சகுந்தலாவுக்கு போன் போட்டேன். மதுரையில் இருக்கிறாள். நிலோஃபர் என்று அந்தக் கல்லூரியில் நிஜமாகவே ஒருத்தி இருக்கிறாளாம், பிள்ளைகள் நடுவில் நல்ல பெயராம். போலி ஆளாக இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

செப்டம்பர் 6, சனி

வீட்டில் உட்கார்ந்து படிவத்தை வாசித்தேன். சமையல்கட்டுக்கும் கூடத்துக்கும் நடந்து நடந்து இரண்டு தடவை. காரணம் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். விலகினால் வேலைக்குப் பாதிப்பு இல்லை. புரியாததைக் கேட்கலாம். அவசரப்பட வேண்டாம். இப்படியே போகிறது. இவ்வளவு பவ்யமாக எழுதினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

ஒரு வெள்ளைத்தாளில் கேள்விகளை எழுதினேன். பதினொன்று வந்தது. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருக்கிறவர், காகிதத்தைக் கண்டால் எட்டிப் பார்க்காமல் இருக்க மாட்டார்.

"வீட்டுப் பத்திரத்துல கையெழுத்துப் போடுறப்பகூட நீ இம்புட்டு வாசிக்கல."

"அது வீடு. இது என் வேலை" என்றேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

நிலோஃபர் வந்தாள். கூட்டம் குறைந்ததும் பதினோரு கேள்வியையும் வரிசையாகக் கேட்டேன். நாற்பது நிமிடம் ஆனது. ஒன்றுக்கும் அவள் முகம் சுளிக்கவில்லை. ஏழாவதுதான் முக்கியமான கேள்வி. நான் எழுதியதில் ஏதாவது தப்பு தெரிந்தால் அது யாரிடம் போகும்?

"உங்க பேரு யாருக்கும் போகாது சிஸ்டர். ஆனா ஒரு நோயாளிக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா நான் சும்மா இருக்க முடியாது. உங்ககிட்ட சொல்லிட்டு, மேல சொல்லித்தான் ஆகணும். அது மூணாம் பக்கத்துல இருக்கு, பாருங்க."

இருந்தது. நான் இரண்டு தடவை வாசித்தும் கவனிக்காத வரி.

கடைசியில் இன்னொன்று செய்தாள். "இப்ப உங்களுக்குப் புரிஞ்சத உங்க வார்த்தையில எனக்குச் சொல்லுங்க சிஸ்டர். நான் சரியாச் சொன்னேனான்னு பாத்துக்குறேன்." ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்கிற மாதிரி. எரிச்சலோடு ஒப்பித்தேன். இன்றைக்குக் கையெழுத்து இல்லை என்றும் சொன்னேன். சரி சிஸ்டர் என்று சிரித்துவிட்டுப் போனாள். ஏன் சிரித்தாள் என்று தெரியவில்லை.

மற்றபடி வழக்கமான நாள். கர்ப்பிணிகள் போனபிறகு கடைசியாக மாரீஸ்வரி என்று ஒருத்தி, இருபத்தைந்து வயது இருக்கும், மாமியாரோடு வந்திருந்தாள். தீப்பெட்டி ஆபீசில், அதாவது தொழிற்சாலையில், வேலை. மூன்றரை வயதில் ஒரு பெண் பிள்ளை. அதற்கப்புறம் தங்கவில்லை. மாதாமாதம் தீட்டு அதிகமாகப் போகிறது, அடிவயிறு வலிக்கிறது என்றாள். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினேன். முதல் பிரசவம் இங்கேதான் ஆனதாம். யார் பார்த்தது என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வருடத்துக்கு இருநூறு பிரசவம் நடக்கிற இடத்தில் முகமெல்லாம் ஞாபகம் இருக்காது.

செப்டம்பர் 10, புதன்

தடுப்பூசி. வேறு ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

மாரீஸ்வரியின் மாமியார் பொன்னுத்தாய் தன் சர்க்கரை மாத்திரைக்கு வந்தாள். மாத்திரை வாங்கிய பிறகும் போகாமல் என் மேசைப் பக்கத்திலேயே நின்றாள்.

"எம் மருமகளுக்கு இனிமே தங்குமா தாயி? ஒளிக்காமச் சொல்லிருங்க. எங்க நாத்தனார் மக ஒருத்தி இருக்கா. ஆடியோட பேச்ச முடிச்சிருப்போம். இவ மொகத்துக்காகத்தான் எம் மகன் தள்ளிப்போட்டுக்கிட்டு வாரான். தை வரைக்கும் பாப்போம்னு சொல்லியிருக்கான்."

"ஒரு பிள்ள பெத்தவளுக்கு ஏன் தங்காது? பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் ஸ்கேன் பண்ணுங்க" என்றேன்.

"எங்க போக? ஒரு நா லீவு போட்டா ஆபீசுல அவ எடத்துல வேற ஆள வச்சிருவாக. சோதிடர் பாத்துட்டோம், கோயிலுக்கும் நேந்தாச்சு."

அவள் போனதும் ரெக்கார்டு ரூமைச் சுத்தம் செய்தேன். எலித்தொல்லை. ரொம்ப நாளாகச் செய்ய வேண்டும் என்று நினைத்திருந்த வேலைதான்.

செப்டம்பர் 13, சனி

இன்றும் ரெக்கார்டு ரூம். பாதிதான் முடிந்திருந்தது.

ப்ரிசில்லா வாசலில் வந்து நின்றுகொண்டு "என்னக்கா தேடுறீங்க?" என்றாள். "எலி" என்றேன். "மூணு வருசத்துக்கு முந்தின கட்டுலயா எலி இருக்கு?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். இவள் அந்த நிலோஃபரோடு போனில் பேசுகிறாள் போலிருக்கிறது. தன் நோட்டில் என்னைப் பற்றி என்னவெல்லாம் எழுதி வைத்திருக்கிறாளோ. இனி அவள் எதிரில் அந்த அறைக்குப் போகக் கூடாது.

செப்டம்பர் 16, செவ்வாய்

இன்று நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். எழுதவே கை வரவில்லை.

நிலோஃபர் ஒன்றும் கேட்காமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கர்ப்பிணிகளைப் பார்த்தாள், சுவரில் இருந்த குடும்பநலப் போஸ்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காத ஆள்தான் எல்லாம் தெரிந்த ஆள் என்று எனக்குள் உறுதியாகிவிட்டது. அவளைத் தனியாகக் கூப்பிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"சுத்தி வளைக்காம சொல்லுங்க மேடம். நீங்க வந்தது அந்தக் காப்பர்-டி விசயமாத்தான?"

அவள் விழித்தாள். உண்மையாகவே விழித்தாள்.

"எந்தக் காப்பர்-டி சிஸ்டர்?"

ஸ்டாக் கணக்கு பற்றி என்று ஏதோ உளறினேன். அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். பிறகு, "நீங்க சொல்ல விரும்பலைன்னா சொல்ல வேணாம். ஆனா யாருக்காவது உடம்பு கஷ்டப்படுதுன்னா என்ன செய்யணும்னு என்னவிட உங்களுக்கு நல்லாத் தெரியும்" என்றாள். அவ்வளவுதான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனாள்.

யாரும் கேட்காமல் நானே போய்க் கொட்டியிருக்கிறேன்.

செப்டம்பர் 18, வியாழன்

நேற்று எழுதவில்லை. இன்று எழுதிவிடுகிறேன். வேண்டாம் என்றால் பிறகு கிழித்துக்கொள்ளலாம்.

பிரசவம் ஆகி நஞ்சு விழுந்த பத்து நிமிடத்துக்குள் காப்பர்-டி என்கிற கருத்தடைச் சாதனத்தைக் கர்ப்பப்பைக்குள் வைத்துவிடலாம். தாய்க்குச் சொல்லி, அவள் சம்மதித்தால் நல்ல ஏற்பாடு, அடுத்த பிள்ளை உடனே நிற்காது. மாதக் கூட்டத்தில் எந்த நிலையம் எத்தனை என்று வாசிப்பார்கள். குறைந்தால் எழுந்து நிற்க வேண்டும். இத்தனை பேருக்கு நடுவில், இந்த வயதில், எழுந்து நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

பிரசவத்துக்கு வருகிறவளிடம் ஐந்து காகிதத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். நாலு காகிதம் சேர்க்கைக்கும் சிகிச்சைக்கும். ஐந்தாவது இது. வலியில் துடிக்கிறவளிடம் எதை வாசித்துக் காட்டுவது? அதனால் ஐந்தையும் ஒன்றாக அடுக்கி, கீழ்வரி மட்டும் வெளியே தெரிகிற மாதிரி மடித்து, இங்க போடும்மா, இங்க போடும்மா என்று விரலை வைப்போம். எனக்கு ஒரு சீனியர் சொல்லிக்கொடுத்தார். சரியாக மடித்தால் ஒரு நிமிடத்தில் ஐந்தும் முடிந்துவிடும். பிறகு சாவகாசமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைப்போம். டிஸ்சார்ஜ் அன்று பத்து பேர் பத்து வேலை சொல்வார்கள். கார்டின் மூலையில் இங்கிலீஷில் நாலைந்து எழுத்துச் சுருக்கமாக எழுதுவோம். அதைச் சொன்னதாக எடுத்துக்கொள்வோம்.

மாரீஸ்வரியின் பிரசவக் கட்டு ரெக்கார்டு ரூமில் கிடைத்தது. மார்ச் இருபத்தெட்டு. மார்ச் என்றால் வருடக் கடைசி, அந்த மாதம் எல்லாரும் கணக்கை நிரப்புகிற மாதம். ஐந்தாவது காகிதத்தில் மாரீஸ்வரி என்று கையெழுத்து. முதல் இரண்டு எழுத்து நேராக இருக்கிறது, அதன்பிறகு கீழே சறுக்கிக்கொண்டே போய்க் கடைசி எழுத்து கோட்டுக்கு வெளியே கிடக்கிறது. நடுவில் வலி வந்திருக்கும்.

டூட்டி நர்ஸ் கையெழுத்து இடத்தில் மை கலைந்திருந்தது. யாருடையது என்று சரியாகத் தெரியவில்லை.

மூன்றரை வருடமாக அவளுக்குப் பிள்ளை தங்காததற்கு அவள் உடம்பில் ஒரு கோளாறும் இல்லை. அது உள்ளே இருப்பது அவளுக்கே தெரியாது. போன வாரம் என் முன்னால் வந்து நின்றவளுக்குப் பரிசோதனைகூடச் செய்யாமல் மாத்திரை கொடுத்து அனுப்பினேன். வெட்கமாக இருக்கிறது.

செப்டம்பர் 19, வெள்ளி

சாப்பாட்டு நேரத்தில் தீப்பெட்டி ஆபீஸ் வரைக்கும் நடந்தேன். வாசலில் பெண்கள் தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்தார்கள். யூனிபார்மைப் பார்த்ததும் எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். மாரீஸ்வரியை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டு, நாளைக்குத் தனியாக வா, ஒரு சோதனை பாக்கி இருக்கிறது என்றேன்.

"எதுவும் பெரிய நோக்காடா சிஸ்டர்?"

"இல்ல. பயப்படாத."

பயப்பட வேண்டியது நான். தப்பு மேலே போனால் முதலில் விசாரணை, அப்புறம் சஸ்பென்ஷன். இன்னும் பன்னிரண்டு வருட சர்வீஸ் பாக்கி இருக்கிறது.

செப்டம்பர் 20, சனி

வந்தாள். பரிசோதித்தேன். காப்பர்-டியின் நூல் தெரிந்தது.

நேரே உட்காரவைத்துச் சொன்னேன். காப்பர்-டி என்றால் என்ன, எங்கே இருக்கிறது, அதனால்தான் தங்கவில்லை, தீட்டு அதிகம் போவதும் அதனால்தான். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் அவள் கேட்டது இதுதான்:

"அப்ப எனக்கு ஒரு கோளாறும் இல்லையா?"

"இல்லம்மா."

முகம் மலர்ந்தது. சிரிக்கப்போனாள். பாதியிலேயே அது அழுகையாக மாறியது. "மூணு வருசமா ராசி கெட்டவன்னு ஏச்சு வாங்குனேனே சிஸ்டர். எம் பிள்ளையக்கூட விட்டுட்டுப் போகச் சொன்னாகளே." முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "எங்கிட்ட கேக்காம யாரு வச்சது?" என்றாள்.

"அப்ப டூட்டியில இருந்த சிஸ்டர் வச்சிருக்காங்க" என்றேன். வாயில் அதுதான் வந்தது.

"இப்பவே எடுத்துரலாம், அஞ்சு நிமிசம்" என்று படிவத்தை எடுத்தேன். என் கையைச் சொல்ல வேண்டும். நான் நினைக்கவே இல்லை. அதுவாகவே காகிதத்தை மடித்து, கீழ்வரி மட்டும் தெரிகிற மாதிரி நீட்டி, விரலை வைத்து, "இங்க போடும்மா" என்றது.

மாரீஸ்வரி பேனாவை வாங்கவில்லை. மடிப்பைப் பார்த்தாள். மெதுவாகப் பிரித்தாள்.

"அன்னைக்கும் இப்படித்தான் மடிச்சுக் குடுத்தாக."

நான் விரலை எடுத்துக்கொண்டேன்.

"இதுல என்ன எழுதியிருக்கு சிஸ்டர்?"

"எடுக்குறதுக்கு உன் சம்மதம்தாம்மா. வேற ஒண்ணும் இல்ல. நான் வேணா வாசிச்சுக் காட்டுறேன்."

"வேணாம். நான் எட்டாப்பு வர படிச்சிருக்கேன். வீட்டுக்குக் கொண்டுபோயி வாசிச்சுட்டு வாரேன்."

படிவத்தை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள். நம்பிக்கை இல்லாத கண். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. மூன்று வாரமாக நான் நிலோஃபரை அப்படித்தான் பார்க்கிறேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

அந்தப் படிவத்தை யாரிடமாவது காட்டியிருப்பாளோ? புருஷனிடம்? வக்கீலிடம்? குழம்பில் உப்பு இல்லை என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது.

செப்டம்பர் 22, திங்கள்

அவள் வரவில்லை.

பிரசவ வார்டில் ஒரு பெண்ணைச் சேர்த்திருந்தார்கள். ப்ரிசில்லா ஐந்து காகிதத்தையும் அடுக்கி மடித்துக்கொண்டிருந்தாள். பிரி என்றேன். புரியாமல் பார்த்தாள். பிரித்து, அஞ்சாவதை மட்டும் தனியாக எடுத்து, வலி விடும்போது வாசித்துக் காட்டு, வேண்டாம் என்றால் விட்டுவிடு என்றேன்.

"நீங்கதானக்கா சொல்லிக் குடுத்தீங்க, மடிச்சு நீட்டுனா சீக்கிரம் முடியும்னு."

"தப்பாச் சொல்லிக் குடுத்தேன்" என்றேன். அவளிடம் இப்படி ஒரு வார்த்தையை நான் சொன்னதே இல்லை. அவள்தான் பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இவளைப் போய்ச் சந்தேகப்பட்டேன். வாசித்துக் காட்டியபிறகு அந்தப் பெண் வேண்டாம் என்றாள். இந்த மாதக் கூட்டத்தில் நான் எழுந்து நிற்பேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

காலையிலேயே நிலோஃபர் வந்தாள். மூன்று வாரம் முடிகிறது. படிவத்தை மேசைமேல் விரித்து, நாலு பக்கமும் தெரிய, கையெழுத்துப் போட்டேன்.

"மூணாம் பக்கம் ஞாபகம் இருக்கா சிஸ்டர்?" என்று கேட்டாள்.

"அதுக்காகத்தான் போடுறேன். நோட்ட சாயங்காலம் தாரேன். இன்னைக்கு உள்ளத எழுதணும்."

இப்போது மணி நாலு. அவள் வெளியே பெஞ்சில் காத்திருக்கிறாள். எழுதிவிடுகிறேன்.

பதினோரு மணிக்கு மாரீஸ்வரி வந்தாள். ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறாள். மாமியாரையும் கூட்டி வந்திருந்தாள், ஆனால் வெளியிலேயே உட்காரச் சொல்லிவிட்டாள். படிவத்தை எடுத்து மேசைமேல் விரித்தாள். நாலாக மடித்திருந்த தடம் எழும்பி எழும்பி நின்றது. இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். கூடவே தீப்பெட்டி லேபிள் ஒட்டுகிற தாள் ஒன்று. அதன் பின்பக்கத்தில் பென்சிலால் கேள்விகள். ஏழு இருந்தது, நான் தலைகீழாகவே எண்ணினேன். எடுத்தால் வலிக்குமா, எத்தனை மாதத்தில் தங்கும், மாமியாரிடம் நீங்களே வந்து சொல்வீர்களா என்றெல்லாம் எழுதியிருந்தாள்.

"கேக்கலாமா சிஸ்டர்?"

"எல்லாத்தையும் கேளு. அவசரமே இல்ல."

முதல் கேள்வியில் பென்சிலை வைத்தாள்.

"அன்னைக்கு எல்லாரும் மாஸ்க் போட்டிருந்தாக. எனக்கு மொகம் தெரியல. எங்கிட்ட கையெழுத்து வாங்குன சிஸ்டர் யாரு?"

அந்த ஐந்தாவது காகிதத்தில் மை ஒன்றும் கலைந்திருக்கவில்லை. செ. செண்பகவல்லி என்று அழகாக, முழுசாக, தேதியோடு இருக்கிறது.

"நான்தான்" என்றேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. நான் கண்ணை எடுக்கவில்லை. பிறகு குனிந்து, அந்தக் கேள்விக்கு நேரே என் பெயரை எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டாள். பென்சிலை ஒரு வரி கீழே இறக்கினாள்.

"ரெண்டாவது" என்றாள்.